சாராள் அக்கா மடியில் என் பிள்ளை

எங்கள் சபையில் பெண்கள் கூட்டம் நடக்கும்போதெல்லாம் யாராவது ஒருத்தி, "பாக்கியம் சாட்சி சொல்லட்டுமே" என்று ஆரம்பித்துவிடுவாள். சாட்சி என்றால், கர்த்தர் நமக்குச் செய்ததை நாலு பேர் முன்னால் எழுந்து நின்று சொல்வது. நானும் எழுந்து, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, பதினாறு மாதம் டி.பி. வார்டில் கிடந்த கதையைச் சொல்வேன். கர்த்தருடைய வேளைக்காகப் பொறுமையோடு காத்திருந்தேன் என்பேன். இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். கூட்டம் முடிந்து காப்பி குடிக்கும்போது, உங்கள் பொறுமை யாருக்கு வரும் என்பார்கள். அந்தக் காப்பியை நான் குடிக்காமலே வைத்துவிடுவேன். அந்தச் சாட்சியில் நான் சொன்னது பாதிதான். இது நடந்து ஏழெட்டு வருஷம் ஆகிவிட்டது. மிச்சப் பாதியையும் எழுதிவிடலாம் என்று இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் சாராள் அக்கா யார் என்று சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. நாங்களும் மூத்தாரும் ஒரே தெருவில் நாலு வீடு தள்ளிக் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அவருடைய அண்ணன் புகையிலைக் கிடங்கில் கணக்கு எழுதுகிறவர். சாராள் அக்காவுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் பிள்ளை இல்லை. நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது, ஞாயிறுதோறும் ஆராதனையில் ஜெபக் குறிப்பு வாசிக்கும்போது, "பிள்ளைப் பாக்கியத்துக்காகக் காத்திருக்கும் சகோதரி" என்று ஒரு வரி தவறாமல் வரும். பெயர் சொல்ல மாட்டார்கள். ஆனால் சபை மொத்தமும் திரும்பி அவரைத்தான் பார்க்கும்.

நான் வந்த பத்தாவது மாதமே பெற்றுவிட்டேன். பெண் குழந்தை. என் பேறுகாலத்தில் வெந்நீர் போட்டதும், மருந்து அரைத்ததும், துணி அலசியதும் சாராள் அக்காதான். ஒருநாள் குழந்தையைக் குளிப்பாட்டி, துவட்டி, உச்சந்தலையை முகர்ந்து பார்த்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. பெரிய மனுஷி மாதிரி, "கர்த்தருக்குன்னு ஒரு வேளை இருக்குக்கா, நாமதான் காத்திருக்கணும்" என்றேன். அவர் "ஆமா பாக்கியம்" என்று சொல்லிவிட்டுக் குழந்தையை என்னிடம் நீட்டினார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு பிறருக்குப் பொறுமையைச் சொல்லிக்கொடுப்பது மாதிரி சுலபமான வேலை வேறு கிடையாது.

குழந்தைக்கு நாலாவது மாதம். எனக்கு ஒரு மாதமாகவே இருமல் இருந்தது. சாயங்காலமானால் உடம்பு கணகணவென்று காயும், காலையில் வியர்த்து விட்டுவிடும். பால் கொடுக்கிற உடம்பு, அசதி என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் இருமித் துப்பினேன். சோப்பு நுரையின் மேல் சிவப்பாக விழுந்தது. வெற்றிலை போடும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி அதை அலசிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் மிச்சத் துணியையும் துவைத்துக் காயப்போட்டேன். மறுநாளும் விழுந்தது.

ஊருக்கு வெளியே இருந்த மிஷன் ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் கூட்டிப்போனார்கள். பெஞ்சியில் காலையிலிருந்து மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தோம். நெஞ்சை ஒரு பலகையோடு ஒட்டி நிற்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா அந்தப் படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இரண்டு நுரையீரலும் கறுப்பாகத் தெரியவேண்டும் என்றும், என் வலது பக்கத்தில் மேலே வெள்ளையாகப் புகை மாதிரி தெரிவதுதான் நோய் என்றும், அதன் நடுவே இருந்த வட்டம் நுரையீரல் அரித்துப்போன பள்ளம் என்றும் காட்டினார். சளியையும் எடுத்துச் சோதித்தார்கள். சளியில் கிருமி இருந்தால் பாசிட்டிவ் என்பார்கள். அப்படிப்பட்டவள் இருமினால் பக்கத்தில் இருப்பவருக்கும் நோய் ஒட்டும். நான் பாசிட்டிவ். டாக்டரம்மா என் மடியைப் பார்த்தார். இன்றிலிருந்து இந்தக் குழந்தை உன்கிட்ட இருக்கக்கூடாது என்றார்.

என் வீட்டுக்காரர் மரம் மாதிரி நின்றார். சாராள் அக்காதான் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. நர்ஸ் வந்து என் கையைப் பிரித்து, பிள்ளையை எடுத்து அக்காவிடம் கொடுத்தார். குழந்தை அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இதெல்லாம் தெரியாது. பால் கட்டிக்கொண்டு மூன்று நாள் காய்ச்சலும் வலியுமாகக் கிடந்தேன். நர்ஸ் துணியால் மார்பை இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார். நோய் வந்ததற்கு அழாதவள் அந்தக் கட்டுக்கு அழுதேன்.

டி.பி. வார்டு என்பது ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தனியாகப் போட்ட நீளமான ஓட்டுக் கொட்டகை. ஒரு பக்கம் சுவர் கிடையாது, தட்டிதான். காற்றோட்டம்தான் பாதி மருந்து என்பார்கள். படுத்தபடியே எங்கள் ஊர் மலைக்கோட்டைப் பாறை தெரியும். காற்று திசை திரும்பினால் தோல் பதனிடுகிற ஷாப்பு வாடை வந்து குடலைப் புரட்டும். தினமும் காலையில் இடுப்பில் ஒரு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. அது அப்போது புதுசு. அதற்கு முன்னால் இந்த நோய் வந்தால் திரும்பி வந்தவர்கள் கம்மி. என் வீட்டுக்காரர் அந்த ஊசிக்காகச் சைக்கிளை விற்றுவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனார். ஊசி குத்தினால் செத்த நேரத்துக்குத் தலை சுற்றும், காதில் ரீங்காரம் கேட்கும். அதோடு பி.ஏ.எஸ். என்று ஒரு மாத்திரை, வேளைக்கு ஒரு கை நிறைய. விழுங்கினால் சாப்பிட்டதெல்லாம் மேலே வரும்.

வாரம் ஒருநாள் காற்று ஏற்றுவார்கள். விலாவில் இரண்டு எலும்புக்கு நடுவே ஊசியைச் செலுத்தி, நுரையீரலைச் சுற்றிக் காற்றை விடுவார்கள். அது அழுத்துகிற அழுத்தத்தில் நோயுள்ள நுரையீரல் சுருங்கி, அசையாமல் ஓய்வெடுக்கும். முறிந்த கையைக் கட்டுப்போட்டு வைப்பது மாதிரி என்று டாக்டரம்மா சொன்னார். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. படுத்திருப்பவளுக்குத்தான் நெஞ்சின் மேல் ஆட்டுக்கல்லை வைத்தது போல இருக்கும்.

எல்லாவற்றையும் தாங்கலாம், மாதம் ஒருமுறை வரும் சளிப் பரிசோதனை நாளைத் தாங்க முடியாது. காலையில் மூடி போட்ட டப்பாவில் துப்பிக் கொடுக்கவேண்டும். மறுநாள் மத்தியானம் நர்ஸ் ஒரு தாளோடு வருவார். தொடர்ந்து மூன்று மாதம் நெகட்டிவ் வந்தால் வீட்டுக்கு. இடையில் ஒன்று பாசிட்டிவ் ஆனாலும் முதலிலிருந்து எண்ணவேண்டும். நர்ஸின் செருப்புச் சத்தம் கேட்டதுமே வார்டில் இருமல்கூட நின்றுவிடும்.

அடுத்த கட்டிலில் சின்னாளப்பட்டி முத்தக்காள். நெசவுக் குடும்பம். என்னைவிட ஐந்தாறு வயது மூப்பு. வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. வாத்தியார் மனைவி என்பதால் என்னை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவாள். தலைமாட்டில் முருகன் படம் ஒட்டியிருந்தாள். என் தலைமாட்டில் வேதப்புத்தகம். அவளுக்கு ஆறாவது மாதமே நெகட்டிவ் வந்தது. எனக்குப் பாசிட்டிவ். அவளுக்கு அடுத்த மாதமும் நெகட்டிவ். எனக்குப் பாசிட்டிவ். நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, பிறந்ததிலிருந்து உம்மைத்தானே கும்பிடுகிறேன், அவளுக்கு என்ன அவசரம் என்று கர்த்தரிடம் சண்டைக்குப் போனேன். முத்தக்காளுக்கு வீட்டிலிருந்து முட்டை வந்தால் எனக்கு ஒன்று உரித்துத் தருவாள். அதைத் தின்றுகொண்டே பொறாமைப்பட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

அதுகூடப் பெரிய விஷயம் இல்லை. பெரிய நெருப்பு ஞாயிற்றுக்கிழமைதான் வரும்.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள சாராள் அக்கா எங்கள் வீட்டிலேயே வந்து தங்கிவிட்டார். வார்டுக்குள் குழந்தைகளை விட மாட்டார்கள். வேப்பமரத்தடியில் ஒரு கம்பி வேலி உண்டு. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என் வீட்டுக்காரரும் சாராள் அக்காவும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அந்த வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பார்கள். நான் வராந்தாவில் வாயைத் துணியால் மூடிக்கொண்டு நிற்பேன். எங்கள் வழக்கப்படி ஞானஸ்நானத்தில் பெயர் சொல்லும்வரை வீட்டில் வெறும் பாப்பாதான். அவளுக்குப் பல் முளைத்ததை நான் அங்கிருந்துதான் பார்த்தேன். அக்கா அவள் உதட்டை விலக்கிக் காட்டினார். அவள் நின்றதை, கை தட்டியதை எல்லாம் அங்கிருந்துதான் பார்த்தேன். ஒவ்வொரு வாரமும் ஒரு புதுச் சட்டை. அக்காவே கையால் தைத்தது. எல்லாம் அளவு கச்சிதமாக இருக்கும். அந்தக் கச்சிதம் எனக்குப் பிடிக்கவில்லை. கழுத்து இறுக்கமாக இருக்கிறது, அழுகிறாள் பாருங்கள் என்று இங்கிருந்தே குறை சொல்வேன். அவள் அழமாட்டாள். அக்கா தோளில் கன்னத்தைப் பதித்துக்கொண்டு என்னை யாரோ மாதிரி பார்ப்பாள்.

பாப்பாவுக்குப் பத்துப் பதினோரு மாதம் இருக்கும். ஒரு ஞாயிறு என் வீட்டுக்காரர் உற்சாகமாக, "அம்மா எங்க, அம்மாவைக் காட்டு" என்றார். பாப்பா சாராள் அக்காவின் முகத்தைத் திருப்பிப் பிடித்து, "ம்மா" என்றாள்.

அக்கா பதறிப்போய், "நான் பெரியம்மா, அந்தா பாரு அம்மா" என்று என் பக்கம் கை காட்டினார். பாப்பா மறுபடியும் அவர் முகத்தைப் பிடித்தாள். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உள்ளே போய்ப் படுத்துவிட்டேன். அன்றைக்கு வயிறு எரிந்தது என்று சொன்னால் போதாது. பற்றி எரிந்தது.

அன்றுதான் அந்த நினைப்பு வந்தது. பன்னிரண்டு வருஷமாகச் சபை மொத்தமும் சாராள் அக்காவுக்குப் பிள்ளை கேட்டது. கர்த்தர் கேட்டுவிட்டார். கொடுத்துவிட்டார். ஆனால் புதுசாக ஒன்றைப் படைக்காமல், என் மடியில் இருந்ததை எடுத்து அக்கா மடியில் வைத்துவிட்டார். அதற்காகத்தான் எனக்கு இந்த நோய். இப்படி யோசித்துப் பார்த்தால் எல்லாம் பொருந்தியது. அவருடைய ஜெபத்துக்குப் பதில் வரவேண்டுமென்றால் நான் திரும்பிப் போகக்கூடாது. கர்த்தருடைய பராமரிப்பு என்று பிரசங்கத்தில் கேட்டபோதெல்லாம் தலையாட்டியவள் நான். அந்தப் பராமரிப்பு எனக்கு விரோதமாகவே வேலை செய்கிறது என்று நம்பினேன். இதை யாரிடம் சொல்வது? போதகர் வருவார், கட்டிலின் ஓரத்தில் நின்று, கர்த்தருக்குன்னு ஒரு வேளை இருக்கும்மா, காத்திருக்கணும் என்பார். நான் சாராள் அக்காவுக்குச் சொன்ன அதே வார்த்தை. வாங்கிக்கொள்ளும்போதுதான் அதன் கனம் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் போதகர் பாப்பாவின் ஞானஸ்நானப் பேச்சை எடுத்தார். வருஷம் திரும்பப்போகிறது, சபையில் அவளுக்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தாகிவிட்டது, அம்மா வர முடியாவிட்டால் என்ன, பெரியம்மா ஞானத்தாயாகப் பிள்ளையை ஏந்தி நிற்கலாமே என்றார். எங்கள் சபையில் ஞானத்தாய்தான் பிள்ளையை ஞானஸ்நானத் தொட்டியருகே ஏந்திக்கொண்டு, போதகர் கேட்கிற கேள்விகளுக்குப் பிள்ளைக்காகப் பதில் சொல்வாள். பெயர் என்ன என்று கேட்டால், உரக்கச் சொல்வாள். சபை முன்னால் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு என் பிள்ளையை ஏந்தி நிற்கும் சாராள் அக்காவை நினைத்துப் பார்த்தேன்.

"இல்லங்கய்யா. நான் வந்தப்புறம்தான். கர்த்தர் என்னைக் கொண்டுவந்து சேர்ப்பாரு. காத்திருக்கேன்" என்றேன்.

போதகருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் என்னைத்தான் உதாரணம் காட்டினாராம். வியாதிப் படுக்கையிலும் விசுவாசம் தளராத சகோதரி என்றாராம். என் வீட்டுக்காரர் பெருமையாக வந்து சொன்னார். என்ன பெயர் வைப்பது என்றுகூட அவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் யாராவது முந்திக்கொள்வார்கள் என்று பயம். அது காத்திருப்பே இல்லை. பிள்ளையைக் கையில் வைத்துக்கொள்ள முடியாதவள், பெயரையாவது கைக்குள் மூடி வைத்திருந்தேன்.

வார்டில் இதைக் கண்டுபிடித்தது முத்தக்காள் ஒருத்திதான். மூன்றாவது நெகட்டிவ் வந்து அவள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்க மனசில்லாமல் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். அவள் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"டீச்சரம்மா, நான் போறதுக்கும் ஒனக்குப் பொறாம, அங்க ஓம் பிள்ளய வளக்கிறவ மேலயும் பொறாம. இம்புட்டையும் நெஞ்சுக்குள்ள வச்சுக்கிட்டு அதுல காத்து வேற ஏத்திக்கிற. எப்பிடி ஆறும்?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் வேதம் வாசிக்கிறவள், எனக்குப் பொறாமையா என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே மிச்சமிருந்த இரண்டு முட்டையையும் என் தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் படுத்திருந்த கட்டில் நாலு நாள் காலியாகக் கிடந்தது. அந்த நாலு நாளும் பேச ஆளில்லாமல் தவித்தேன்.

அதற்கப்புறம் ஒரு ஞாயிறு என் வீட்டுக்காரர் மட்டும் வந்தார். பாப்பாவுக்குச் சளி, வெயில் ஆகாது என்றார். முகம் சரியில்லை. அடுத்த ஞாயிறும் அவர் மட்டும். பாப்பா எங்கே என்றால், தூங்குகிறாள் என்றார். என் எண்ணம் போன போக்கைப் பாருங்கள். சாராள் அக்கா வேண்டுமென்றே கொண்டுவராமல் இருக்கிறார், பிள்ளை என்னை மறக்கட்டும் என்று பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். வரட்டும், வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்தே நாலு வார்த்தை கேட்டுவிடுகிறேன் என்று வாக்கியத்தையெல்லாம் மனசில் கோத்து வைத்திருந்தேன்.

மூன்றாவது வாரம், ஞாயிறுகூட இல்லை, வியாழக்கிழமை மத்தியானம், சாராள் அக்கா தனியாக வந்தார். வேலியருகே நிற்கவில்லை. நர்ஸிடம் கேட்டுக்கொண்டு வராந்தாப் படி வரைக்கும் வந்துவிட்டார். ஆள் பாதியாகியிருந்தார். எனக்குக் கோத்து வைத்த வாக்கியமெல்லாம் மறந்துபோயிற்று. பாப்பா எங்கே என்று மட்டும் கேட்டேன்.

"இருக்கா. நல்லாருக்கா. மொதல்ல அதைக் கேட்டுக்க" என்று சொல்லிவிட்டு, படியில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார்.

பாப்பாவுக்கு வந்தது தொண்டை அடைப்பான். டிப்தீரியா என்பார்கள். தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் தோல் மாதிரி படர்ந்து மூச்சுக்குழாயை அடைத்துவிடும். அதற்கு சீரம் என்று ஓர் ஊசி உண்டு. நேரத்தோடு போட்டால் பிழைக்கும். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகும்போதே பாப்பாவுக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. சீரம் போட்டார்கள். விடியும்வரை எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போதகரோ கிராமத்துச் சபைகளைப் பார்க்க நிலக்கோட்டைப் பக்கம் போயிருந்தார். உயிர் போகிற ஆபத்தில் போதகர் இல்லையென்றால், விசுவாசி யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். அது எங்கள் சபையில் எல்லாருக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டியிருக்கிறார். என்னால் ஆகாது, நீங்களே ஊற்றுங்கள் மதினி, ஏதாவது ஒரு பெயரைச் சொல்லி ஊற்றுங்கள் என்று அழுதிருக்கிறார்.

"நான் ஊத்தலை" என்றார் அக்கா.

எனக்குப் புரியவில்லை. ஞானஸ்நானம் இல்லாமலே என் பிள்ளை போயிருந்தால்? ஏன் என்று கத்தினேன். கத்தியதில் இருமல் வந்து, நிற்கக் கொஞ்ச நேரமாயிற்று. அதுவரை அவர் காத்திருந்தார்.

"அன்னிக்குச் சாயங்காலம் பாப்பாவை மடியில போட்டுத் தட்டிக்கிட்டிருந்தேன். பாக்கியம் திரும்பி வராட்டி என்னன்னு ஒரு நெனப்பு வந்துச்சு. விரட்டல. செத்த நேரம் அதை வச்சுக்கிட்டே இருந்தேன். ராத்திரி இப்பிடி ஆயிருச்சு. டம்ளரைக் கண்டதும் நடுங்கிட்டேன். பேரைச் சொல்லித் தண்ணிய ஊத்திட்டா அவ எனக்குன்னு ஆயிருவா, அப்புறம் என்னால குடுக்க முடியாது. ஆண்டவரே, அவ அம்மா வந்து பேரு வைக்கட்டும், அதுவரைக்கும் பிள்ளைய வச்சிரும், அவ வந்த அன்னிக்கே நான் வெலகிக்கிறேன்னு சொன்னேன். வேற ஒண்ணும் ஜெபிக்கல."

அவர் அழவில்லை. சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு என் திட்டுக்காக உட்கார்ந்திருந்தார். நான் திரும்பி வராமல் இருக்கவேண்டும் என்று நினைத்தவள் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். நான் பல மாதமாகச் சந்தேகப்பட்டது நிஜமாகிவிட்டது. கோபம் வந்திருக்கவேண்டும். கோபத்துக்குப் பதிலாக எனக்கு என் முகமே தெரிந்தது. பிள்ளை மூச்சுக்குத் திணறிய இடத்தில் அந்த மனுஷி என் வார்த்தையைக் காப்பாற்றிக்கொண்டு நின்றிருக்கிறாள். அந்த வார்த்தையின் லட்சணம் எனக்குத்தானே தெரியும்.

வாயிலிருந்த துணியை இன்னும் இறுக்கிக்கொண்டு, "அக்கா, நான் விசுவாசத்துல காத்திருக்கலை. நீங்க சபை முன்னாடி பாப்பாவை ஏந்தக்கூடாதுன்னுதான் தள்ளிப்போட்டேன்" என்றேன்.

"தெரியும்" என்றார்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். சட்டையின் கழுத்து இறுக்கமாக இருக்கிறது என்று நான் சொன்ன நாளிலிருந்து என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குச் சிரிக்க நெஞ்சில் இடமில்லை, அன்றைக்குத்தான் காற்று ஏற்றியிருந்தார்கள். வலிக்க வலிக்கச் சிரித்தேன்.

இனிமேல் காத்திருக்கவேண்டாம், வரும் ஞாயிறே நீங்கள் ஏந்திக்கொண்டு ஞானஸ்நானம் கொடுத்துவிடுங்கள், பெயரைச் சொல்கிறேன் என்றேன். அக்கா ஒரே பிடியாக மறுத்துவிட்டார். ஆண்டவரிடம் சொன்னது சொன்னதுதான், நீ வா என்றார். அதற்கப்புறம் ஐந்து மாதம். முன்னால் இருந்ததும் காத்திருப்பு, இதுவும் காத்திருப்பு. ஆனால் இந்த ஐந்து மாதத்தில் நான் கர்த்தரோடு கணக்குப் பார்க்கவில்லை. ஏன் அவளுக்கு, ஏன் எனக்கில்லை என்று கேட்கவில்லை. கேட்க வாயில்லை. மாத்திரையை விழுங்கினேன், வாந்தி எடுத்தால் மறுபடியும் விழுங்கினேன். காலையில் எழுந்ததும் இன்றைக்கு ஒருநாள் என்று மட்டும் ஜெபித்தேன். பொறாமை போய்விட்டதா என்றால், போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலியருகே பாப்பா அக்காவின் காதைப் பிடித்து இழுத்து விளையாடும்போது உள்ளே கடுகு வெடிக்கத்தான் செய்தது. அதையும் சேர்த்தே கர்த்தரிடம் சொல்லப் பழகிக்கொண்டேன்.

முதல் நெகட்டிவ் வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது தாளை நர்ஸ் என் கையிலேயே கொடுத்துவிட்டார். எழுத்து தெரிந்தும் வாசிக்க முடியாமல் டாக்டரம்மாவிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

வீட்டுக்குப் போனபோது பாப்பாவுக்கு இருபது மாதம். என்னைக் கண்டதும் ஓடிப்போய் அக்காவின் புடவைக்குள் புகுந்துகொண்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கை ஆட்டுகிற அம்மாவைத்தான் அவளுக்குத் தெரியும். நடுவீட்டில் வந்து நிற்பவளைத் தெரியாது. அந்த ஞாயிறே ஞானஸ்நானம். நான்தான் ஏந்தவேண்டும் என்று அக்கா பின்வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டார். பாப்பா கதறினாள். தொட்டியருகே நான் அவளைப் பிடித்துவைத்திருந்தேன் என்றுதான் சொல்லவேண்டும், ஏந்தினேன் என்று சொல்ல முடியாது. கிருபா என்று பெயரைச் சொன்னேன். அவள் போட்ட சத்தத்தில் போதகருக்குக் காதில் விழாமல் இரண்டாம் தடவை சொன்னேன்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அக்கா இல்லை. எங்கள் வீட்டில் இருந்த தன் பாயையும் துணிமணியையும் எடுத்துக்கொண்டு நாலு வீடு தள்ளித் தன் வீட்டுக்குப் போய்விட்டார். கதவையும் சாத்திவிட்டார். ஆண்டவரிடம் சொன்னபடி விலகிக்கொண்டார். மூத்தார் வந்து, அவ வரமாட்டேங்கிறா, பிள்ளையை நீங்க பழக்கிக்கங்க என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

பதினாறு மாதம் நான் கேட்டது கைக்கு வந்துவிட்டது. பிள்ளை என் வீட்டில், என் மடியில். அவள் மூன்று நாள் அழுதாள். ஊட்டினால் துப்பினாள். தூக்கினால் விறைத்துக்கொண்டாள். வாசற்படியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்து, "ம்மா, ம்மா" என்று கூப்பிட்டாள். நான் அவள் பின்னாலேயே உட்கார்ந்து, அம்மா இங்கே இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுத்துக்கொள், கொஞ்ச நாளில் சரியாகிவிடும், அக்கம்பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். சரியாகியும் இருக்கும். குழந்தைதானே, மறந்திருப்பாள். அந்த மறதிக்குத்தான் காத்திருக்கச் சொல்கிறார்கள் என்பது மூன்றாம் நாள் மத்தியானம் எனக்கு விளங்கியது.

பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். விறைத்துக்கொண்டு உதைத்தாள். நாலு வீடுதான், எனக்கு மூச்சு வாங்கியது. அக்கா வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன். உள்ளே ஆள் நடமாடும் சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. எரிச்சலும் அழுகையும் ஒன்றாக வந்தது. நான் சொல்லப்போகிற வார்த்தையைச் சொல்ல எனக்கு இஷ்டமே இல்லை. இருந்தாலும் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்.

"அக்கா, உங்க பிள்ளை அழுவுது. கதவைத் திறங்க."

தாழ்ப்பாளை இழுக்கிற சத்தம் கேட்டது. கதவு திறப்பதற்கு முன்னாலேயே பாப்பா அழுகையை நிறுத்திவிட்டாள்.